ஒமேகாவர்ஸ் காதல் புனைவுகளில் உறவுச் சிக்கல்கள்

ஒமேகாவர்ஸ், ஆங்கில ரசிகர் புனைவுகளில் இருந்து உருவான கற்பனை உலக வகைமை. இவ்வுலகின் மனிதர்கள் ஆண், பெண் என்னும் பிரிவுடன் ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்னும் இரண்டாவது பிரிவையும் பிறப்பிலேயே கொண்டவர்கள். யார் யாரை நாடுவார், யார் கருவுறுவார், யார் ஆள்வார் என்பவற்றை அப்பிரிவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இவ்வகைமையின் காதல் கதைகளில் சம்மதம், உடைமை, பிரியமுடியாத பிணைப்பு ஆகியவை திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள். அவை எப்படிக் கையாளப்படுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இவ்வகைமையின் பெரும்பகுதி வயதுவந்தோருக்காக எழுதப்படுவது.

தோற்றம்

ஒமேகாவர்ஸ் 2010-ஆம் ஆண்டையொட்டி, ‘சூப்பர்நேச்சுரல்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் இணையத்தில் எழுதிய கதைகளில் உருப்பெற்றது. அதற்கு முன்னோடிகள் உண்டு. 1967-இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ‘அமோக் டைம்’ பகுதியில், ஸ்பாக் என்னும் பாத்திரம் இணை சேராவிட்டால் இறந்துவிடும் உடல்நிலைக்கு ஆளாகிறது. உடலின் கட்டாயத்தால் இருவர் நெருங்க நேரும் ஏராளமான ரசிகர் புனைவுகள் அதைத் தொடர்ந்து எழுதப்பட்டன. ஒமேகாவர்ஸ் அந்தக் கட்டாயத்தை ஒரு பாத்திரத்தின் துன்பம் என்பதிலிருந்து ஒரு சமூகம் முழுமைக்குமான விதியாக விரித்தது.

இன்று ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கதைகள் இக்குறிச்சொல்லின் கீழ் உள்ளன. ஜப்பானிய மங்காவில் இது தனிக் கிளையாக வளர்ந்தது. ஆங்கிலத்தில் விற்பனைக்கான மின்னூல் வகையாகவும் ஆனது. 2018-இல் அடிசன் கெய்ன் தரப்பு, தன் நாவலில் உள்ள அம்சங்களை எடுத்தாண்டதாகக் கூறி ஸோயி எல்லிஸின் நூல்களுக்கு எதிராக இணையக் கடைகளில் பதிப்புரிமைப் புகார் அளித்தது. அது அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. 2020-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ அதைப் பற்றி எழுதியபோதுதான் வெளியுலகினர் பலர் இவ்வகைமையின் பெயரையே அறிந்தனர். அந்த வழக்கு நினைவூட்டும் ஒன்று இங்கு முக்கியமானது: இவ்வுலகின் விதிகள் பலர் சேர்ந்து உருவாக்கிய பொதுச்சொத்து. அவற்றில் எதை ஏற்பது, எதை மாற்றுவது என்பது ஒவ்வொரு எழுத்தாளரின் தேர்வு.

உலகின் விதிகள்

பெரும்பாலான கதைகளுக்குப் பொதுவான விதிகள் சில உள்ளன. ஆல்ஃபா வலிமையும் அதிகாரமும் கொண்டவர். பீட்டா நம்மைப் போன்ற சாதாரண மனிதர். ஒமேகா, ஆணாக இருந்தாலும் கருவுறக் கூடியவர். ஒமேகாவுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ‘ஹீட்’ எனப்படும் வேட்கைக் காலம் வருகிறது. ஆல்ஃபாவுக்கும் ‘ரட்’ என்னும் அதற்கு இணையான நிலை உண்டு. உடலின் மணம் ஒருவரை ஒருவர் அறியவும் ஈர்க்கவும் செய்கிறது. ஆல்ஃபா ஒமேகாவின் கழுத்தில் கடித்தால் இருவருக்கும் இடையே பிணைப்பு உண்டாகிறது. வேட்கைக் காலத்தைத் தடுக்க அடக்கு மருந்துகள் உள்ளன. இவற்றின் மேல் சட்டம், திருமணம், வேலை, சொத்துரிமை ஆகியவற்றை எழுத்தாளர் அமைத்துக்கொள்கிறார்.

சம்மதம்

இவ்வகைமையின் மையமான சிக்கல் சம்மதம். நேற்று வரை ஒரு ஆல்ஃபாவை மறுத்த ஒமேகா, வேட்கைக் காலத்தில் அவனை வேண்டி அழைக்கிறான். இவற்றில் எது அவனுடைய சொல்? ரசிகர் புனைவு வட்டத்தில் இதற்கு ‘டப்கான்’ என்று பெயர். ஐயத்துக்குரிய சம்மதம் என்று பொருள்.

கதைகள் இதை மூன்று வழிகளில் கையாள்கின்றன. முதல் வழியில், வேட்கைக் காலத்துக்கு முன்பே இருவரும் பேசி எல்லைகளை வகுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதில், நடந்த பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சே கதையின் உண்மையான தொடக்கம். மூன்றாவதில் எந்தப் பேச்சும் இல்லை. மறுநாள் காலையில் ஒமேகா காதலுடன் கண்விழிக்கிறான், கதை அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது வழியில் ஒளிந்திருக்கும் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். இருவருமே உடலின் கட்டாயத்துக்கு ஆட்பட்டவர்கள்தான். ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்பது ஆல்ஃபாவுக்கு மன்னிப்பு ஆகிறது. அதே இயலாமை ஒமேகாவுக்குச் சம்மதம் ஆகிறது. ஒரே உடல் விதி, இரண்டு முறையும் ஒருவருக்கே சாதகமான தீர்ப்பைத் தருகிறது. அந்தச் சாய்வு உடலின் விதியில் இல்லை. கதைசொல்லியின் பார்வையில் இருக்கிறது.

பிணைப்பு

கழுத்துக் கடியால் உண்டாகும் பிணைப்பு, இவ்வுலகில் திருமணத்தின் இடத்தில் உள்ளது. ஜப்பானிய மங்காவில் இதன் ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகவே காட்டப்படுகிறது. அங்கு பல கதைகளில் ஆல்ஃபா பிணைப்பை முறிக்கலாம், வேறொருவருடன் மீண்டும் பிணையலாம். ஒமேகாவுக்கு அது ஒருமுறைதான். கைவிடப்பட்டால் வாழ்நாள் முழுதும் துன்பம். விருப்பமற்ற கடியிலிருந்து பிடரியைக் காக்க ஒமேகாக்கள் கழுத்துப்பட்டை அணிகிறார்கள். தாக்கக் கூடியவரைக் கட்டுப்படுத்தாமல், தாக்கப்படக் கூடியவரைப் பட்டை அணியச் சொல்லும் சமூகம் அது. இதை அலங்காரமாகக் கடந்துபோகும் கதைகள் உண்டு. பட்டையை அணிபவரின் அன்றாட அச்சத்தைச் சொல்லும் கதைகளும் உண்டு.

விதிக்கப்பட்ட இணை என்னும் கருத்தும் இதனுடன் வருகிறது. முதல் சந்திப்பிலேயே மணம் ஒருவரை ஒருவருக்கு அடையாளம் காட்டிவிடுகிறது. காதல் புனைவுக்கு இது ஒரு கலைச்சிக்கல். உடல் முன்பே முடிவெடுத்துவிட்டால் மனம் செய்ய வேண்டியது என்ன? தேர்வு இல்லாத இடத்தில் காதலுக்குச் சான்று இல்லை. அதனால்தான் விதிக்கப்பட்ட இணையை மறுத்து வேறொருவரைத் தேர்ந்தெடுப்பவரின் கதை, அல்லது உடல் ஏற்றும் மனம் ஏற்காதவரின் கதை, இவ்வகைமையில் வலுவாக அமைகிறது.

காவலும் உடைமையும்

ஆல்ஃபாவின் பொறாமை பெரும்பாலும் அன்பின் அளவாகக் காட்டப்படுகிறது. ஒமேகா எங்கே போகலாம், யாருடன் பேசலாம் என்பதை ஆல்ஃபா முடிவுசெய்கிறான். அதற்குப் பெயர் பாதுகாப்பு. அடக்கு மருந்தை ஒளித்துவைப்பது, அதை விட்டுவிடும்படி வற்புறுத்துவது ஆகிய நிகழ்வுகள் இன்னும் கவலைக்குரியவை. அது துணைக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரையை எடுத்துவிடுவதற்கு ஒப்பானது. கற்பனைப் பெயர் சூட்டப்பட்டிருப்பதாலேயே வாசகர் அதை உடனே அடையாளம் காணத் தவறலாம்.

ரசிகர் புனைவிலிருந்து விற்பனை நூலுக்கு வந்தபோது நிகழ்ந்த மாற்றம் இங்கு கவனத்துக்குரியது. தொடக்ககாலக் கதைகளில் ஒமேகா பெரும்பாலும் ஆண். வீதியில் தனியே செல்ல அஞ்சுவது, விரும்பாமல் கருவுற அஞ்சுவது, உடலைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்படுவது ஆகியவை ஒரு ஆணுக்கு நேரும்போது அவை இயல்பானவையாகத் தோன்றுவதில்லை. பெண்களுக்கு இயல்பென்று நாம் கடந்துபோகும் ஒன்றை வாசகர் புதிதாகப் பார்க்கிறார். விற்பனை நூல்களில் பலவற்றில் ஆல்ஃபா ஆண், ஒமேகா பெண். அப்போது அந்த விலக்கம் மறைந்து, பழைய படிமமே புதிய பெயருடன் திரும்பி வருகிறது.

காதல் நாவல் மரபு

இச்சிக்கலை ஒமேகாவர்ஸ் தோற்றுவிக்கவில்லை. 1972-இல் வெளிவந்து பெருவிற்பனை கண்ட கேத்லீன் வுடிவிஸின் ‘தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்’ நாவலில், கதைத் தொடக்கத்தில் நாயகியை வன்புணர்வு செய்பவனே பின்னர் அவளுடைய காதலன் ஆகிறான். ஜேனிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ ஆய்வில், காதல் நாவல் வாசிக்கும் பெண்களை நேரில் சந்தித்து உரையாடினார். நாயகனின் கடுமையைத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட அன்பாக மாற்றிப் படிக்க இந்நாவல்கள் வழிசெய்கின்றன என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. வன்புணர்வை அவ்வாசகிகள் விரும்பவில்லை என்பதையும் அவர் பதிவுசெய்தார்.

பழைய நாவல் நாயகனின் கடுமைக்கு ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது: கடந்தகாலக் காயம், தவறான புரிதல், பொறாமை. ஒமேகாவர்ஸ் நாயகனுக்கு அந்தத் தேவையும் இல்லை. உடலே காரணம். உடலோ இயற்கை.

இயற்கை என்னும் வாதம்

இந்த ‘இயற்கை’ எங்கிருந்து வந்தது? ஆல்ஃபா என்னும் சொல் ஓநாய் ஆய்வுகளில் இருந்து பரவியது. ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஆய்வு, அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றியது. தலைமைக்காகப் போராடும் கூட்டம் என்னும் சித்திரம் அதிலிருந்து உருவானது. டேவிட் மெக் 1970-இல் எழுதிய ‘தி வுல்ஃப்’ நூல் அதைப் பரவலாக்கியது. அதே மெக் 1999-இல் எழுதிய கட்டுரையில், காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பொதுவாகப் பெற்றோரும் அவர்களுடைய குட்டிகளும் கொண்ட குடும்பம்தான் என்று விளக்கினார். ஆல்ஃபா என்னும் சொல் அங்கு பொருந்தவில்லை என்றார்.

புனைவு உயிரியலுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் இவ்வுண்மை ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஒமேகாவர்ஸின் உடல் விதிகள் எந்தக் காட்டிலும் இல்லை. அவை முழுக்க எழுதப்பட்டவை. ஆகவே ‘அவர்கள் உடல் அப்படி’ என்பது ஒரு கதைக்குள் பாத்திரம் சொல்லக் கூடிய சமாதானம். கதையை எழுதியவர் சொல்லக் கூடிய சமாதானம் அல்ல.

ஒப்பீடு

உர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலின் கெத்தன் கோள் மக்களுக்கும் மாதம் ஒருமுறை ‘கெம்மர்’ என்னும் வேட்கைக் காலம் வருகிறது. அக்காலத்தில் அவர்களை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது. இருவரின் இசைவின்றி உறவு நிகழவும் அங்கு இடமில்லை. யார் கருவுறுவார் என்பது முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டதல்ல என்பதால் அந்த உடலின் பெயரால் நிரந்தர அடிமைப் பிரிவு ஒன்றும் உருவாகவில்லை. உடலின் சுழற்சி கட்டாயமாக இருந்தும், அதன் மேல் ஏற்றத்தாழ்வு எழவில்லை.

ஆக்டேவியா பட்லரின் 1984-ஆம் ஆண்டுச் சிறுகதை ‘பிளட்சைல்ட்’ எதிர்த்திசையில் செல்கிறது. அதில் மனிதர்கள் வேற்றுயிர்களின் முட்டைகளைத் தம் உடலில் சுமக்க வேண்டியவர்கள். கன் என்னும் இளைஞனுக்கும் அவனைத் தேர்ந்த டிகடோய்க்கும் இடையே அன்பும் இருக்கிறது, பெரும் அதிகார வேறுபாடும் இருக்கிறது. பட்லர் அதை மறைப்பதில்லை. தன்னைத் துணையாக மதித்தால் தன்னால் வரக்கூடிய ஆபத்தையும் ஏற்க வேண்டும் என்று கன் வாதிட்டு, வீட்டில் துப்பாக்கியை வைத்துக்கொள்கிறான். வலிமையானவர் தன் பாதுகாப்பில் சிறிதளவேனும் இழக்காமல் அங்கு இசைவு உண்டாவதில்லை. ஒமேகாவர்ஸ் கதை ஒன்றில் ஆல்ஃபா எதை இழக்கிறான் என்பது அக்கதையை மதிப்பிட உதவும் நல்ல கேள்வி.

வாசகர் நோக்கு

இக்கதைகளை வாசிப்பவர்கள் ஏமாந்தவர்கள் என்று கொள்வது சரியல்ல. மிலெனா பொபோவா 2021-இல் வெளியிட்ட ‘டப்கான்’ நூலில், அதிகாரத்தில் சமமற்ற இருவர் நெருக்கத்தை எப்படிப் பேசி அமைத்துக்கொள்ள முடியும் என்று சிந்திக்கும் களமாகச் சில ஒமேகாவர்ஸ் கதைகள் அமைவதைக் காட்டுகிறார். நம் சமூகத்தில் மறைந்து செயல்படும் ஏற்றத்தாழ்வு அங்கு உடலிலேயே எழுதப்பட்டிருப்பதால், அதைக் காணாததுபோல் இருக்க முடிவதில்லை. அச்சமூட்டும் ஒன்றைப் பாதுகாப்பான தொலைவில் வைத்துப் பார்ப்பதும் புனைவின் பயன்களில் ஒன்று.

அந்தத் தொலைவை உண்டாக்குவதில் எச்சரிக்கைக் குறிகளுக்குப் பங்கு உண்டு. ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தின் நான்கு முதன்மை எச்சரிக்கைகளில் வன்புணர்வும் ஒன்று. எச்சரிக்கை தர விரும்பாத எழுத்தாளர் அதையும் வெளிப்படையாகக் குறிக்கலாம். அதன் மூலம், நடப்பது வன்முறை என்பதைக் கதைக்கு வெளியே ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். அந்தக் குறி நீங்கி ‘காதல்’ என்னும் பெயர் மட்டும் அட்டையில் எஞ்சும்போது, வாசகர் ஆசிரியரிடமிருந்து பெற்றிருந்த அந்த ஒப்புதலும் நீங்கிவிடுகிறது. விற்பனை நூல்களில் சில எழுத்தாளர்கள் முதல் பக்கத்தில் உள்ளடக்கக் குறிப்பு தருவது இதனால் வரவேற்கத்தக்கது. ஆனால் குறிப்பு, கதை செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது.

மதிப்பீடு

ஒமேகாவர்ஸின் உடல் விதிகளை வைத்து ஒரு கதையை ஏற்கவோ தள்ளவோ முடியாது. ஒரே விதிகளைக் கொண்டு, வன்முறைக்குச் சாக்கு சொல்லும் கதையையும் அந்தச் சாக்கை அம்பலப்படுத்தும் கதையையும் எழுத முடிகிறது. வேறுபாடு வேட்கைக் காலம் முடிந்த பிறகு தெரிகிறது. உடல் அடங்கி மனம் தெளிந்த நிலையில் ஒமேகாவிடம் யாரேனும் ஏதேனும் கேட்கிறார்களா, ‘இல்லை’ என்று அவன் சொன்னால் அந்த உலகில் அதற்கு மதிப்பு உண்டா என்பவை வாசகர் பார்க்க வேண்டியவை. அந்த ‘இல்லை’க்கு இடம் வைத்திருக்கும் கதையில்தான் அவன் பின்னர் சொல்லும் ‘ஆம்’ காதலாகிறது.