பொந்தியானாக்கும் நீலியும்

பேய்ப்படம் என்றதும் புலவருலகம் முகஞ்சுளிப்பது வழக்கம். அச்சுறுத்திக் காசு பறிக்கும் கூத்து என்று அதனை ஒதுக்குதல் எளிது. ஆயினும், ஒரு சமுதாயம் யாரைக் கண்டு அஞ்சுகிறது என்பதை ஆராய்ந்தால், அது யாருக்குத் தீங்கிழைத்தது என்பதும் விளங்கும். மலாய்ப் பேய்ப்படங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண் பொந்தியானாக் என்னும் பேயாய்த் திரிவாள். பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய மனைவியாய் அடங்கியிருப்பாள் என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. பினாங்கு ஜெலுத்தோங் போன்று மூவினத்தாரும் கலந்து வாழும் ஊர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இக்கதையை அறிவர்.

சிங்கப்பூர்க் கேத்தே-கிரிஸ் நிறுவனம் 1957 ஏப்ரலில் 'பொந்தியானாக்' என்னும் படத்தை வெளியிட்டது. நான்கு திங்களில் மலாயா விடுதலை பெற்றது. இயக்கிய பி. என். ராவ், 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய தமிழ்ப் படங்களை முன்னரே இயக்கியவர். தலைவியாக நடித்தவர் மரியா மெனாடோ. படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. கதை மட்டும் நிலைத்துள்ளது.

தலைவியின் பெயர் சொமெல். அழகி என்பது அதன் பொருள். அவளோ கூனி. மந்திர மருந்தால் அழகு பெற்று மணம் புரிகிறாள். குருதியைச் சுவைத்தலாகாது என்பது நிபந்தனை. பாம்பு தீண்டிய கணவனின் நஞ்சை அவள் உறிஞ்சுகையில், நாவிற்பட்ட குருதியே அவளைப் பேயாக்கி விடுகிறது. அன்பின் செயலே பழியாய் முடிந்தது! அழகும் அடக்கமும் உள்ளவரைதான் அவளுக்கு ஊரில் இடம். விடுதலையை எதிர்நோக்கிய நாட்டில், யாருக்கு இடமுண்டு என்னும் வினாவை இக்கதை எழுப்பிற்று, விடை கூறவில்லை.

பேய்ப்படங்களுக்குத் தணிக்கையார் நெடுங்காலம் இடந்தராதிருந்த நிலை தளர்ந்தபின், 2004-இல் சுஹைமி பாபா என்னும் பெண் இயக்குநர் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' படத்தை அளித்தார். இதில் நாட்டியக்காரி மெரியம், ஒருவனது வஞ்சத்தால் கொலையுண்டு பேயாகிறாள். பேயின் சினத்துக்குக் காரணம் விதியன்று, மனிதன். முன்னைய கதை தொடாத இடத்தை இப்படம் தொட்டது. எனினும், உயிரோடிருக்கையில் கிட்டாத நீதியைப் பெண் செத்த பின்னரே தேடவேண்டியுள்ளது என்னும் குறை இதிலும் தீரவில்லை.

இது கண்டு தமிழர் தம்மை உயர்வாக எண்ணற்க. கணவனால் கொலையுண்ட பழையனூர் நீலியும் பேயானவளே. மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து, ஊரவையில் வழக்குரைத்துப் பழிதீர்த்தாள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உண்டு. வணிகனைக் காப்பதாகச் சொன்ன சொல் தவறியமைக்காகத் தீப்பாய்ந்த வேளாளர் எழுபதின்மரின் வாய்மையை நாடு போற்றுகிறது, போற்றத் தக்கதே. நீலிக்குக் கிடைத்ததோ 'நீலிக்கண்ணீர்' என்னும் வசை. பொய்யழுகைக்கு அவள் பெயரே வழங்கலாயிற்று.

கொலையுண்டவளின் கண்ணீர் எங்ஙனம் பொய்யாகும்? வகுப்பில் அச்சொல்லுக்குப் பொருளுரைக்கும் ஆசிரியர் இவ்வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். பொந்தியானாக்கின் பிடரியில் அறைந்தது இரும்பாணி; நீலிமேல் அறைந்தது சொல்லாணி. சொல்லாணியைப் பிடுங்கவல்லவர் தமிழாசிரியரே.