நிறுத்தினால் ரிஸ்க் இல்லை என்கிற கணக்கு

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் பெண் கர்ப்பமானால், நம் ஊரில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். "முதல்ல அந்த மாத்திரையை நிறுத்து. மனசை சந்தோஷமா வச்சுக்க." மகளிர் பக்கங்களிலும் இதுதான், யூடியூபிலும் இதுதான், பக்கத்து வீட்டு அக்காவும் இதையேதான் சொல்வார்.

இந்த அறிவுரைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மருந்து எடுத்தால் ஆபத்து, எடுக்காவிட்டால் ஆபத்து பூஜ்யம் என்ற கணக்கு. அது எங்கிருந்து வந்தது, சரிதானா என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். எந்த மாத்திரை எடுக்கலாம் என்று இங்கே யாரும் தேட வேண்டாம். தகவல் எப்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

முதல் சந்தேகம் அந்த ஐந்து எழுத்துகள் மேல். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1979-இல் கர்ப்பகால மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று பிரித்தது. இன்றும் மருந்து பெயரை கூகுளில் போட்டால் 'கேட்டகரி சி', 'கேட்டகரி டி' என்று வரும். பள்ளி மதிப்பெண் மாதிரி இருப்பதால், சி என்றால் சுமார், டி என்றால் மோசம் என்று படித்துக்கொள்கிறோம்.

அது அப்படி இல்லை. பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு டி. வால்புரோயேட் என்ற மருந்துக்கும் (வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் கொடுப்பது) டி. முதலாவதில் பேசப்பட்டது, குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதிலிருந்து இரண்டு வரை போகலாம் என்பது. இரண்டாவதில், கருவில் அந்த மருந்தைச் சந்தித்த குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை. அதோடு நூற்றில் 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சிப் பிரச்சினை. இரண்டுக்கும் ஒரே எழுத்து! இன்னும் வேடிக்கை பாருங்க. 2013-இல் இதே வால்புரோயேட்டுக்கு ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்தால் எக்ஸ், வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் டி என்று ஆனது. மாத்திரை ஒன்று, கரு ஒன்று, எழுத்து இரண்டு. இதை ஒரு ஜூனியர் பையன் டேட்டாபேஸ் டிசைனாக எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. தலைவலிக்கு அந்த மருந்தை விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வலிப்புக்கு விட்டால் ஆகும். அதாவது, மருந்தை நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதை எழுதத் தனி இடம் இல்லாததால் எழுத்துக்குள் திணித்திருக்கிறார்கள். 2015-இல் புது மருந்து லேபிள்களிலிருந்து எழுத்துகளை எடுத்துவிட்டு, விளக்கமாக எழுதச் சொன்னார்கள். நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதில் எழுத இடம் வந்தது. நம் பேச்சில் மட்டும் அந்த எழுத்துகள் அப்படியே நிற்கின்றன.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாரும் காட்டுவது 2006-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. மாத்திரையோடு நன்றாக இருந்த 201 பெண்களை கர்ப்பகாலம் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 68 சதவீதம். பார்த்தவுடன் விஷயம் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. யார் தொடர்வது, யார் நிறுத்துவது என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. பெரிய சிறப்பு மையங்களுக்கு வந்த, பலமுறை நோய் கண்ட பெண்கள் இவர்கள். சாதாரண மருத்துவமனைகளில் சேர்த்த பெண்களை வைத்து 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில் இந்த வித்தியாசம் தெளிவாக வரவில்லை. ஆனால் அதிலும், முன்பு நான்கு தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆக, பதில் ஆளைப் பொறுத்தது. அவளுடைய பழைய சரித்திரம் தெரியாமல் 'நிறுத்து' என்பதும் தவறு, 'தொடர்' என்பதும் தவறு.

சரி, இதெல்லாம் அமெரிக்கா. நம் ஊர்?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பெண்கள் 359 பேரை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும், பிரசவமான 6 முதல் 12 வாரத்திலும் சந்தித்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டது: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, கர்ப்பகாலத்தில் நடந்த கஷ்டங்கள், கைவேலைக்கு உதவி இல்லாதது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல்.

கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். மாமியார் சரி, எதிர்பார்த்ததுதான். பெற்றோர்? "தாய்வீட்டுக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்" என்ற நம் நம்பிக்கையை அந்த ஒரு சொல் அசைத்துவிடுகிறது. கட்டுரை அதை மேற்கொண்டு விரிக்கவில்லை என்பது எனக்குக் குறைதான். பணமா, கல்யாணத்தில் இருந்த மனத்தாங்கலா, என்ன சிக்கல் என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரிமளம் மாதிரி ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. சென்னையிலோ கோவையிலோ திருப்பூரிலோ இருக்கும் மகளுக்கு ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு போட்டு அழைத்து வருகிறோம். எங்கள் வேலையில் ஒருவர் ப்ராஜெக்டை விட்டுப் போனால் ஹேண்ட்ஓவர் என்று ஒன்று உண்டு. இங்கே கர்ப்பத்தின் மிக முக்கியமான கட்டத்தில் மருத்துவர் மாறுகிறார், வீடு மாறுகிறது, மாத்திரை டப்பா யார் கண்ணில் படுகிறது என்பதும் மாறுகிறது, ஹேண்ட்ஓவர் மட்டும் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு எடுத்து ஒளித்து வைத்தார். "பிள்ளை பொறக்கட்டும் ஆத்தா, அப்புறம் பாத்துக்கலாம்." அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போனது, சாப்பாடு போனது. எட்டு மாதத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்கள். புதுக்கோட்டைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போக மூன்று வாரம் ஆனது. அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கையில் இருந்தது அந்தத் தப்பான கணக்கு ஒன்றுதானே.

'எல்லாருக்கும் அப்படித்தான்' என்பதற்கு ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. 1987-இல் எடின்பரோவில் செய்த பத்துக் கேள்விப் பட்டியல். கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தானே மாறும் பசி, களைப்பு போன்றவற்றை விட்டுவிட்டு, கடந்த ஏழு நாள் மனசு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கும். இதன் தமிழ் வடிவத்தை வேலூரிலேயே சோதித்து 2005-இல் வெளியிட்டுவிட்டார்கள். கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதைப் பக்கத்தில் மாமியாரையோ அம்மாவையோ உட்கார வைத்துக்கொண்டு கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தருகிறது. திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1886-இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். சீக்கிரம் பதிவு செய்வது, பரிசோதனைக்கு வருவது, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று பணத்தோடு நிபந்தனைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் மனசைப் பற்றிய கேள்வி ஒன்றுகூட இல்லை. நிபந்தனையாக வைக்கவும் வேண்டாம், பணத்துக்காகப் பொய் சொல்வார்கள். ஆனால் இத்தனை தடவை வந்து போகும் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, பத்துக் கேள்வி கேட்கப் பத்து நிமிஷம் போதும். பதில் மோசமாக இருந்தால் யாரிடம் அனுப்புவது என்பதும் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் கேட்பது வெறும் படிவம் நிரப்பும் வேலை.

அதுவரை குடும்பம் செய்யக்கூடியது, வளைகாப்புக்கு முன்னால் பழைய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வருவது. என்ன நோய், முன்பு எத்தனை தடவை வந்தது, என்ன மாத்திரை, என்ன அளவு, முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது. லித்தியம் எடுப்பவர் என்றால் ரத்தத்தில் அதன் அளவை எப்போது பார்க்க வேண்டும் என்பதும் வேண்டும். கர்ப்பத்தில் அது இறங்கும், பிரசவமானதும் ஏறும். வால்புரோயேட் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய பேச்சு. பேசாமல் விட்டிருந்தாலும் தானாக நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். மனச்சோர்வு மாத்திரை கடைசி மாதம் வரை எடுத்திருந்தால் குழந்தைக்குச் சில நாள் நடுக்கம், எரிச்சல் இருக்கலாம் என்பதால், பிரசவம் பார்ப்பவருக்கும் குழந்தை மருத்துவருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பார்க்கலாம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பிரசவமான பெண் நாள்கணக்கில் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினாலோ, குழந்தையைப் பார்த்துப் பயந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், பேய் பிடித்தது என்று கோயிலுக்கும் வேண்டாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் அது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், குழந்தையையும் சேர்த்து. 2017 மனநலச் சட்டப்படி, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது.