மூன்று அக்டோபர் 17கள்: எதிர்ப்பின் விலாசம் பற்றிச் சில குறிப்புகள்

1

வடசென்னைக் கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு மாலை வீதி நாடகம் போட்டோம். பருவநிலை நெருக்கடிதான் விஷயம். நான்கு பேர் பிடித்த நீலத் துணி அலையாக எழும்பி, காகிதக்கூழில் செய்த பூமி உருண்டையை மூடும். உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழும். அழுதவன் நான்தான். முடிந்ததும் கைதட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். வலையைச் சரிபார்த்துக்கொண்டே நாடகம் பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சீங்க தம்பி. ஆனா கடல் மேல வருதுன்னு எங்ககிட்டயே வந்து சொல்றீங்களே, அது எங்களுக்குத் தெரியாதா? யாருக்குத் தெரியணுமோ அவன் இங்க இல்லையேப்பா."

அன்று நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லப்போனால் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 'மக்களின் எளிய விவேகம்' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு கேள்வியை மேற்கோளாக மாற்றி அதன் பல்லைப் பிடுங்கிவிடுவது அறிவுஜீவிகளாகிய நமக்குக் கைவந்த கலை.

இப்போது நண்பர்கள் மறுபடி கூடியிருக்கிறார்கள். 'படைப்பூக்கம் மிக்க, அமைதியான' போராட்டம் ஒன்று வேண்டுமாம். பிரதியை நான் எழுதித் தர வேண்டுமாம். எழுதுவதற்கு முன் வேறு மூன்று பிரதிகளை வாசித்துப் பார்க்கத் தோன்றியது. 2009, 2014, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில், மூன்று கண்டங்களை ஒட்டி, ஒரே தேதியில், அக்டோபர் 17இல் நிகழ்த்தப்பட்டவை அவை. தேதி ஒற்றுமை தற்செயலானது. ஆனால் அருகருகே வைத்துப் படிக்க வசதியாயிருக்கிறது.

2

போராட்டத்தைக் கோரிக்கையையும் கூட்டத்தின் எண்ணிக்கையையும் வைத்து எடைபோட்டே பழகியவர்கள் நாம். வடிவம் என்பது அலங்காரம், பேரணிக்கு முன்னால் போகும் பறை மாதிரி. 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை இந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தது. மேடையை எடுத்துவிட்டு, நடிப்பவனும் பார்ப்பவனும் ஒரே தரையில் நிற்பதே ஓர் அரசியல் செயல்பாடு என்று அதிலிருந்து கற்றுக்கொண்டோம். சரி. ஆனால் எதிர்ப்பு நிகழ்வில் இருப்பது இரண்டு இடங்கள் அல்ல, மூன்று: நிகழ்த்துபவர், பார்ப்பவர், குற்றம் சாட்டப்படுபவர். முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அழிப்பதிலேயே குறியாயிருந்த நாம், மூன்றாவது இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. ஆலை வாசலிலோ ஆட்சியர் அலுவலக வாசலிலோ நிற்கும்வரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வாசலே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டது.

பருவநிலை விஷயத்தில் அந்த வாசல் இல்லை. ஒரு கண்டத்தில் எழும் புகைக்கு இன்னொரு கண்டத்தின் கரை தின்னப்படுகிறது. தாத்தா எரித்த நிலக்கரிக்குப் பேத்தி விலை தருகிறாள். கரியமில வாயுவுக்கு விலாசம் கிடையாது. 'மனிதகுலம்', 'நாம் எல்லோரும்' என்கிற பெருங்கதையாடல் இந்த விலாசமின்மையில்தான் சௌகரியமாகக் குடியேறுகிறது. எல்லோரும் குற்றவாளி என்றால் எவனும் குற்றவாளி இல்லை. ஆகவே இங்கே போராட்ட வடிவத்தின் முதல் வேலை விலாசத்தை உற்பத்தி செய்வது. அழகு, புதுமை, ஊடகக் கவனம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

3

2009 அக்டோபர் 17. மாலத்தீவின் அதிபர் முகமது நஷீதும் அவரது அமைச்சர்களும் முக்குளிப்பு உடையணிந்து, முதுகில் காற்று உருளைகளுடன், கடலடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார்கள். சைகையில் பேசினார்கள். உலக நாடுகள் கரிம உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்ற வேண்டுகோளில் நீருக்குள்ளேயே கையொப்பமிட்டார்கள். அந்த டிசம்பரில் நடக்கவிருந்த கோபன்ஹேகன் மாநாட்டுக்கான முன்னோட்டம் அது. நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத நாடு அது. படம் உலகம் முழுக்கப் போயிற்று.

அரசு தன்னையே நிகழ்த்திக்காட்டிய அபூர்வமான பிரதி இது. அதிகாரத்தின் அடையாளமான மேசையும் கோப்பும் தண்ணீருக்குள் போனதும் கேலிப்பொருளாகிவிடுகின்றன. பிரெக்ட் சொன்ன தூரப்படுத்தல் இதுதான். ஆனால் அந்த உடையைக் கவனியுங்கள். அது மீனவனுடையது அல்ல, சுற்றுலாப் பயணியுடையது. விமானத்தில் வந்திறங்குபவர்களை நம்பி வாழும் ஒரு பொருளாதாரம், அவர்களுடைய உடையைப் போட்டுக்கொண்டு அவர்களுடைய அரசுகளிடம் மனுக் கொடுக்கிறது. விலாசம் 'உலக நாடுகள்'. அதாவது ஒருவருமில்லை. தீவின் குடிமக்களுக்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லை. பத்தாண்டில் கரிமச் சமநிலை அடைவோம் என்று அதே ஆண்டு அந்த அரசு அறிவித்ததும் நடக்கவில்லை. 2012இல் நஷீதே பதவியிழந்தார். அது பலவீனமான பிரதி என்று நான் சொல்லவில்லை. மனுவின் எல்லை அதுதான்.

4

2019 அக்டோபர் 17. காலை நெரிசல் நேரம். லண்டனின் கிழக்கே கேனிங் டவுன் நிலையத்தில், 'எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன்' இயக்கத்தைச் சேர்ந்த சிலர் சுரங்க ரயில் வண்டியின் கூரைமேல் ஏறி நின்றார்கள். வண்டி நின்றது. நடைமேடையில் இருந்தவர்கள் கத்தினார்கள், கையிலிருந்ததை வீசினார்கள், கடைசியில் ஒருவரைக் காலைப் பிடித்துக் கீழே இழுத்து அடித்தார்கள். நானும் வேலைக்குப் போகணும், பிள்ளைகளுக்குச் சோறு போடணும் என்கிற பொருள்பட ஒருவர் கத்தினார். அந்தப் பெரியவரின் குரலை ஆங்கிலத்தில் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இதே இயக்கம் அந்த ஏப்ரலில் இதைவிட நுட்பமான பிரதி ஒன்றை எழுதியிருந்தது. லண்டனின் பெரிய கடைவீதிச் சந்திப்பான ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸின் நடுவில் ஒரு இளஞ்சிவப்புப் படகு. உண்மையைச் சொல் என்று அதில் எழுதியிருந்தது. நுகர்வின் நடுமையத்தில் தரைதட்டிய படகு: கடல் இங்கேயும் வரும் என்று அது பிரசங்கம் செய்யவில்லை, வந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. சில நாட்கள் கழித்துத்தான் காவல்துறையால் அதை அகற்ற முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஏப்ரலில் கைதானார்கள். மே 1 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பருவநிலை அவசரநிலையை ஏற்றுக்கொண்டது. தொந்தரவு கொடுக்காமல் எதுவும் நகராது என்பதற்கு இதைச் சாட்சியாகச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

ஆனால் அந்தப் படகுக்கு ஒரு பெயர் இருந்தது: பெர்டா காசெரஸ். ஹோண்டுராஸ் நாட்டின் லென்கா பழங்குடித் தலைவர். குவால்கார்க்கே ஆற்றின் குறுக்கே வரவிருந்த அணையை எதிர்த்ததற்காக 2016 மார்ச்சில் வீடு புகுந்து கொல்லப்பட்டவர். ஒருத்தி கொல்லப்பட்டாள், அவள் பெயரெழுதிய படகின் கீழ் படுத்தவர்கள் கைதாகி வெளியே வந்தார்கள். கைது என்ற ஒரே குறிப்பான், உடலுக்கு உடல் வேறு வேறு பொருள் தருகிறது. பிரிட்டனில் கறுப்பின, பழங்குடி, பழுப்பு நிற மக்களின் குழுக்கள் ஃபனானை நினைவூட்டும் 'ரெட்ச்சட் ஆஃப் தி எர்த்' என்ற பெயரில் அந்த மே மாதம் எழுதிய திறந்த கடிதம் இதைத்தான் கேட்டது. நெருக்கடி உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தில் இல்லை, எங்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. காவல்துறையோடு உங்களுக்கு உள்ள உறவு எங்களுக்கு இல்லை. இதுதான் சாரம்.

கடிதத்தைச் சரியாகப் படித்திருந்தால் கேனிங் டவுன் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். உழைப்பவர்கள் ஏறும் ரயிலை, அதுவும் மின்சாரத்தில் ஓடும் பொதுப் போக்குவரத்தை மறித்ததன் மூலம், பார்ப்பவரையே குற்றம் சாட்டப்படுபவரின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடிதம் தப்பான வீட்டில் போய்ச் சேர்ந்தது. இயக்கத்துக்குள்ளேயே பலர் இதை எதிர்த்தார்கள். அரசு மட்டும் எல்லாப் பிரதிகளையும் ஒரே மாதிரி வாசித்தது. 2022, 2023ஆம் ஆண்டுச் சட்டங்கள் தன்னைப் பூட்டிக்கொண்டு போராடுவதைக்கூடத் தனிக் குற்றமாக்கின. 'அமைதியான' என்ற சொல்லுக்கு அர்த்தம் தீர்மானிக்கும் உரிமை தன்னுடையது என்று அரசு சொல்லிவிட்டது. நம் நண்பர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துமுன் இதை யோசிக்க வேண்டும்.

5

இனி நடுவிலிருக்கும் பிரதி. 2014 அக்டோபர் 17. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில், உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். பசிபிக்கின் 12 தீவு நாடுகளிலிருந்து வந்த 30 பேர், தங்கள் ஊர்களில் கையால் செய்து கொண்டுவந்த ஓடங்களில், துறைமுக வாயிலில் இறங்கினார்கள். உள்ளூர் ஆஸ்திரேலியர்கள் நூற்றுக்கணக்கானோர் சிறு துடுப்புப் படகுகளில் அவர்களைச் சூழ்ந்து நின்றார்கள். மலைபோன்ற நிலக்கரிக் கப்பல், அதன் முன்னால் ஒரு ஓடம். அட்டவணையிலிருந்த கப்பல்களில் பல அன்று போகமுடியவில்லை. 'நாங்கள் மூழ்கவில்லை, போராடுகிறோம்' என்பது அவர்கள் முழக்கம்.

ஒரு நண்பர் ஆட்சேபித்தார்: "பாய் உடை, போர் நடனம், ஓடம். வெள்ளைக்காரன் காமிராவுக்குத் தீனி போடுற 'பூர்வகுடி' காட்சிதானே இதுவும்?" நியாயமான சந்தேகம். அந்த ஆபத்து அதில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காமிராக்கள் அதுவரை அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது இடுப்பளவு நீரில் நிற்கும் பலியாட்களின் படத்தை. முழக்கம் அந்தப் படத்தைத்தான் மறுக்கிறது. மேலும் ஓடம் அங்கே குறியீடு மட்டுமல்ல, கருவி. மூழ்கவிருக்கும் வாழ்வின் கருவியே கப்பலை மறிக்கிறது. பார்ப்பவர் வேலைக்குப் போவது தடைபடவில்லை; தடைபட்டது சரக்கு. விலாசம் தெளிவாக எழுதப்பட்டது: இந்தத் துறைமுகம், இந்தக் கப்பல், இந்த நிலக்கரி.

நிலக்கரி ஏற்றுமதி நின்றதா? இல்லை. ஆனால் பிரதி தொடர்ந்து எழுதப்படுகிறது. 2023 நவம்பரில் அதே நியூகாஸிலில் துடுப்புப் படகுகள் மறுபடி வழியை மறித்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

6

நண்பர்களிடம் பிரதி எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். எண்ணூரில் அனல்மின் நிலையமும் இருக்கிறது, நிலக்கரி இறங்கும் துறைமுகமும் இருக்கிறது, படகுகளும் இருக்கின்றன, அப்புறம் என்ன தயக்கம் என்றார்கள். தயக்கம் இதுதான். பாதிக்கப்படுபவரே நிகழ்த்துபவராக இருக்கவேண்டும் என்று கட்டுரை எழுதுவது சுலபம். மறித்தால் பறிபோவது அந்தப் பெரியவரின் படகு, வலை, நாளைய சோறு. எனக்கு ஜாமீன் கிடைக்கும், கட்டுரைக்கு விஷயமும் கிடைக்கும். பெர்டா காசெரஸின் பெயரை எழுதிக்கொண்ட அதே தவறை வேறு வழியில் செய்வதாகிவிடும் அது.

நியூகாஸில் படத்தை மறுபடி பார்க்கிறேன். இதுவரை ஓடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நிற்கும் அந்தச் சிறு படகுகள் கண்ணில் படவில்லை. அந்தத் துறைமுகத்தின் லாபத்தில் ஏதோ ஒரு பங்கைத் தின்று வளர்ந்தவர்கள், ஓடத்துக்கும் காவல்துறைக்கும் நடுவே தங்கள் உடலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இதை எழுதும் என்னைப் போன்றவனுக்கு அந்தப் பிரதியில் இடம் உண்டென்றால், அது அங்கேதான்.

நீலத் துணியை மடித்து வைத்துவிட்டேன். குப்பத்துக்குப் போகவேண்டும், நாடகம் போட அல்ல. அந்தப் பெரியவர் அன்று கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.