பிணையும் சுமையும்

‘பாவமன்னிப்பு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் கிறிஸ்தவப் பிரசங்க மேடை நம் நினைவுக்கு வருவது இயல்பு. சுவிசேஷம் அறிவிப்போர் தம் பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் வைப்பது அச்சொல்லையே. மனிதன் பாவி, பாவக் கடனைத் தீர்க்க அவனுக்கு வகையில்லை, இயேசு கிறிஸ்து தம் இரத்தத்தால் அதனைத் தீர்த்துவிட்டார், நம்பியவன் விடுதலை பெறுகிறான். இதுவே அப்பிரசங்கத்தின் சாரம். இதற்கு மறுமொழியாக நம்மவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களும் பல. ஆயின், மேடைப் பேச்சைக் கொண்டு ஒரு சமயத்தின் உள்ளத்தை அளத்தல் நேர்மையாகாது. அச்சமயத்தைச் சார்ந்த புலவன் நெஞ்சுருகிப் பாடிய காப்பியத்தைக் கொண்டு அளப்பதே முறை. ஆகவே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

கிருஷ்ணபிள்ளை 1827-இல் நெல்லைச் சீமையில், வைணவப் பற்று மிக்க குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தவர். 1858-இல் கிறிஸ்தவரானார். ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ என்ற உரைநடைக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் இக்காப்பியத்தை யாத்தார். அது 1894-இல் நூலாக வெளிவந்தது. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று தமிழுலகம் அவரைப் பாராட்டியது.

கதை யாவரும் அறிந்ததே. நாச நகரத்தில் வாழும் ஒருவன் முதுகில் பாவச்சுமை அழுந்துகிறது. சுவிசேஷகன் வழிகாட்ட, அவன் நகரைத் துறந்து புறப்படுகிறான். சேற்றில் வீழ்ந்தெழுந்து, இடுக்க வாயிலைக் கடந்து, சிலுவை நாட்டிய மேட்டை அடைகிறான். அங்கே சுமை தானே அவிழ்ந்து உருண்டு ஒரு கல்லறைக்குள் மறைந்துவிடுகிறது. பனியன் சில வரிகளில் சொல்லிக் கடந்த இவ்விடத்தில் நம் தமிழ்ப்புலவர் நின்றுவிடுகிறார். மூலத்தில் இல்லாத வகையில், சிலுவைப் பாடுகளின் வரலாற்றையே விரித்துப் பாடுகிறார். கம்பனின் ஓசையும் ஆழ்வார்களின் உருக்கமும் அங்கே ஒன்றுகூடுகின்றன. கர்பலாவைப் பாடிய நம் புலவர்களின் கண்ணீரை அறிந்தவர்களுக்கு அவ்வுருக்கம் அந்நியமாகத் தோன்றாது.

இன்னொன்றையும் நாம் மறைத்தல் தகாது. ‘மன்னிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டால் மனிதன் துணிந்து பாவம் செய்யமாட்டானா?’ என்று நம்மவர் வினவுவது வழக்கம். இக்காப்பியத்தைப் படித்தவர் அவ்வளவு எளிதாக அவ்வாறு வினவமாட்டார். சுமை இறங்குவது பயணத்தின் முற்பகுதியில்தான். அதன்பின் செங்குத்து மலை இருக்கிறது. உறங்கியதால் இழந்த சுருளைத் தேடித் திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. மாயாபுரிச் சந்தையில் உடன்வந்தவன் உயிரை இழக்கிறான். ஐயக் கோட்டையில் சிறை. கடைசியில் மரண ஆறு. மன்னிக்கப்பட்டவனுக்கும் நடக்க வேண்டிய தூரம் மிகுதி என்பதே அக்கதையின் போதனை. மேடையில் நின்று ‘இப்போதே, இங்கேயே எல்லாம் முடிந்தது’ என்று முழங்குவோர் தம் சமயத்துப் பெரும்புலவரை மறந்தவர்களே.

இனி, நாம் வேறுபடும் இடத்திற்கு வருவோம். ஹளரத் ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது திருமறையின் தீர்ப்பு. ஆதம் (அலை) அவர்களின் பிழை அவர்கள் மன்றாடியபோதே மன்னிக்கப்பட்டது; அது பரம்பரைச் சொத்தாக நமக்கு வந்து சேரவில்லை. ஓர் ஆன்மாவின் சுமை மற்றோர் ஆன்மாவின் தோளில் ஏற்றப்படுவதும் இல்லை. கொள்கையளவில் இவ்வளவு கூறின் போதும். இலக்கியத்தில் இவ்வேறுபாடு எவ்வாறு உருப்பெறுகிறது என்பதே நமக்கு முக்கியம்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இயேசுவுக்குப் பழைய தமிழ் விவிலியம் இட்ட பெயர் ‘பிணையாளி’ என்பதாகும். இச்சொல்லின் பொருளை நேமத்தான்பட்டியில் வாழும் நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. செட்டிநாடு பேரேட்டாலும் பற்றுவரவாலும் வளர்ந்த நாடு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று கொடுக்கல் வாங்கல் நடத்திய ஊர்களில் பிணை என்பது விளையாட்டுச் சொல்லன்று. கடன் பட்டவன் தவறினால் பிணை நின்றவன் தன் கைப்பொருளைக் கொடுத்தாகவேண்டும். கிருஷ்ணபிள்ளை பாடும் பிணை இத்தகையது. கடன்காரன் கை விரித்தான். பிணையாளி தம் உயிரையே கொடுத்துத் தீர்த்தார்.

நம் உமறுப்புலவரும் ஒரு பிணையைப் பாடியிருக்கிறார். சீறாப்புராணத்து நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் விடை கேட்கிறது. பெருமானார் அதற்காக வேடனிடம் பிணை நிற்கிறார்கள். வேடன் நம்பவில்லை, காட்டுக்குள் சென்ற மான் திரும்புமா என்று எண்ணுகிறான். மானோ பாலூட்டிவிட்டு, இனம் தடுத்தும் கேளாமல், கன்றையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்து நிற்கிறது. தமக்காகப் பிணை நின்றவரின் சொல் பொய்த்துவிடலாகாது என்பதே அதன் கவலை. அது கண்ட வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான். மான் விடுதலை பெறுகிறது.

இரு பிணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். யாத்திரிகத்தில் பிணையாளி கடனைக் கொடுத்துத் தீர்க்கிறார். கடன்பட்டவன் கண்ணீரோடு நன்றி கூறுகிறான். சீறாவில் பிணையாளி தவணை வாங்கித் தருகிறார். கடன்பட்ட உயிர் தன் கால்களால் நடந்து திரும்பி வருகிறது. ‘தௌபா’ என்ற அரபுச் சொல்லின் வேர்ப்பொருளும் திரும்புதல் என்பதே. உமறுப்புலவர் அச்சொல்லுக்கு உரை எழுத முற்பட்டாரல்லர். எனினும் அதற்கு இதனினும் சிறந்த உரையைத் தமிழில் நாம் கண்டதில்லை.

இரட்சணிய யாத்திரிகத்தின் மீது நாம் கூறக்கூடிய குறை ஒன்று உண்டு. அது மூலத்திலிருந்தே வந்த குறை. சுமை தாங்கியவனுக்கும் அவனுடைய கர்த்தருக்கும் இடையிலான வழக்கு மட்டுமே அங்கு விசாரிக்கப்படுகிறது. அவனால் துன்புற்ற மனிதர் எவரும் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. பனியனின் பயணி, மனைவி மக்கள் கூவி அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி அம்மனைவி மக்களையும் அதே பாதையில் பனியன் அழைத்துச் சென்றது, விடுபட்ட கணக்கொன்றை நேர்செய்தது போலவே நமக்குத் தோன்றுகிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தௌபாவுக்கு மூன்று நிபந்தனைகள் கூறுகிறார்கள்: பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளல். அப்பாவம் மனிதருக்குச் செய்த தீங்காயின் நான்காவது ஒன்று சேரும். உரியவருடைய உரிமையை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறவேண்டும். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் சுமந்து மறுமைக்கு வரும் ஒருவன், பிறரைத் திட்டியும் அடித்தும் அவர் பொருளை உண்டும் வந்தமையால், தன் நன்மைகளை எல்லாம் வழக்காளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, போதாமல் அவர்களுடைய பாவங்களையும் ஏற்று நரகடைவான் என்பது நபிமொழி. அவனையே ‘முஃப்லிஸ்’ என்றார்கள் பெருமானார். நம் வட்டார வழக்கில் கூறுவதானால், மறுமையில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்.

இக்கருத்து கிறிஸ்தவருக்கும் புதியதன்று. வரி வசூலித்த சகேயு, தான் அநியாயமாகப் பறித்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகக் கூறிய பின்னரே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். சுவிசேஷ மேடைகளில் சகேயு மரத்தில் ஏறிய கதை விரிவாகச் சொல்லப்படுகிறது. திருப்பிக் கொடுத்த கதையும் அதே விரிவோடு சொல்லப்படுமாயின், கேட்போருக்கு மட்டுமின்றிக் கேட்போரால் வஞ்சிக்கப்பட்ட அயலாருக்கும் அது நற்செய்தியாகும்.

பிறர் மேடையைத் திருத்தப் புகும் நாம் நம் மிம்பரையும் நோக்குதல் வேண்டும். பராஅத் இரவின் மன்னிப்பையும் மஹ்ஷரில் பெருமானாரின் ஷபாஅத்தையும் மணிக்கணக்கில் பேசுகிறோம். அடுத்த வீட்டாரின் வேலியைத் தள்ளி நட்டவன், தங்கையின் பாகத்தை எழுதி வாங்கிக்கொண்டவன், கூலியை நிறுத்தி வைத்தவன் ஆகியோர் நம் முன்வரிசையில் அமர்ந்து கண்ணீர் வடிக்கிறார்கள். நான்காம் நிபந்தனையை அவர்களுக்கு எத்தனை பேர் எடுத்துரைக்கிறோம்? ஷபாஅத்தை நம்புவது ஈமானின் பாற்பட்டது. அந்நம்பிக்கை, பிணை நின்றவரை நாணச் செய்யாமல் திரும்பி வந்த மானின் நம்பிக்கையாக இருக்கவேண்டும் என்பதே சீறாப்புராணம் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.