கருவுற்பத்தியும் இக்கால உரைகளும்

கருவில் உடம்பு அமையும் முறையைச் சைவர் நூல்களுட் கூறுவன பலவாயினும், திருமந்திரத்து இரண்டாந் தந்திரத்துக் கர்ப்பக்கிரியை என்னும் பகுதியும், திருவாசகத்துப் போற்றித் திருவகவலின் முற்பகுதியுமே பெரிதும் எடுத்தாளப்படுவன. மேனாட்டார் நுண்பெருக்கியாற் கண்டனவெல்லாம் இவற்றுள் உள என்று மேடைதோறும் முழங்குவார் இக்காலத்துப் பலர். அவர் கூற்று ஆராயத்தக்கது.

அகவலில் அடிகள், தாய்வயிற்றிற் கிருமிகளின் போரினின்றும் உயிர் தப்புதலைக் கூறிப் பின்னர்த் திங்கள்தோறும் வரும் இடர்களை அடைவே கூறுவர். அக்கிருமி ஆண்விந்தின் உயிரணுவே என்பது புதிய உரை. விந்தணுவை ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக் 1677ஆம் ஆண்டிலும், பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேர் 1827ஆம் ஆண்டிலும் கண்ணாடி கொண்டே கண்டனர். அடிகள் திருவாக்கிலோ கிருமி கருவுக்குப் பகை. கரு அதனிடத்தினின்றும் பிழைக்கின்றது. விந்தணுவாயின் அதுவே கருவுக்கு வித்தாகும். வித்தினின்றும் முளை பிழைத்தது என்பார் யாவர்? வயிற்றுப் புழுக்கள் கருவை நலிதல் என்ற பழம்பொருளே சொல்லோடு இயைவது.

இதனால் முன்னோர் ஏதும் அறியார் என்பது பெறப்படாது. கர்ப்போபநிடதம் ஓரிரவிற் கலலம், ஏழிரவிற் குமிழி, அரைத்திங்களிற் பிண்டம் என்று தொடங்கி, இரண்டாந் திங்களில் தலையும் மூன்றாவதிற் காலும் தோன்றுமென வரிசைப்படுத்துகின்றது. சுசுருதமோ இன்னும் வியத்தற்குரியது. எவ்வுறுப்பு முதலில் தோன்றும் என்பதில் தலையே என்பார், நெஞ்சமே என்பார், உந்தியே என்பார் கூற்றுக்களையெல்லாம் எடுத்தோதி, உறுப்புக்கள் யாவும் ஒருங்கே தோன்றும். நுண்மையாற் புலப்படா என்று தன்வந்திரி துணிபைக் காட்டுகின்றது. மூங்கில் முளையும் மாங்கனியும் அங்கே உவமை. நெஞ்சம் நான்காம் வாரத்திற்குள்ளேயே துடிக்கத் தொடங்குமென்பது இற்றைநாள் முடிபாதலின், இவை முற்றும் ஒவ்வா. எனினும் கண்டும் கருதியும் வாதிட்டும் அறிந்த அறிவு இது. இதனைப் பாராட்டுதற்கு இல்லாததொன்றை ஏற்றிக் கூறவேண்டுவதில்லை.

அன்றியும் இந்நூல்கள் தம்முள் ஒருபடித்தாகவும் இல்லை. கரு ஏழாந் திங்களிற் சீவனோடு கூடும் என்பது உபநிடதம். நுண்ணுடம்போடு உயிர் அணுவளவாய்க் கருவிற் புகும் என்பது சித்தியார். ஆண் பெண் வேறுபாட்டுக்கு உபநிடதம் தந்தை தாயரது வித்தின் மிகுதியைக் காரணங் கூற, திருமூலர் மூச்சு வலம் இடம் ஓடுதலைக் கூறுவர். எதனை மேனாட்டு முடிபோடு பொருத்துவது?

இவ்விடத்தே வாளாவிருத்தல் தகாது. தாய்வயிற்று மலசல மிகுதியாற் குழவி மந்தனும் மூங்கையும் குருடும் ஆம் என்ற பகுதியையும், மூச்சுக்கணக்கையும் உடற்கூற்று நூலின் முடிபெனப் பரப்பின், பழி தாயர் தலையில் விழும். பெண்மகவு பிறந்ததற்குப் பெண்ணையே நோதல் சேலத்துச் சமவெளி அறியாததன்று. நாமக்கல்லும் உள்ளிட்டிருந்த சேலம் மாவட்டத்திலேயே 1992ஆம் ஆண்டிற் பெண்சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது; கருவின் பாலறிந்து கூறுதலை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாலை வேறுபடுத்துவது தந்தையின் விந்தே என்பதற்கு 1905ஆம் ஆண்டிலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் வண்டினத்தை ஆராய்ந்து வழிகாட்டினர். அவ்வாண்டு முதலாயினும் தாயர் பழி நீங்கியிருத்தல் வேண்டும். மாதொருபாகனாய் இறைவன் நின்றருளும் திருச்செங்கோடு இச்சமவெளியிலேயே உள்ளது.

திருமூலர் கருத்து வேறு. படைத்தல் முதல் அருளல் ஈறாக ஐந்தொழிலையும் கூறிமுடித்து, மூவகைச் சீவவர்க்கம் கூறுதற்குமுன் இப்பகுதியை வைத்தனர். வினைக்கீடாக உடம்பை உயிர்க்குக் கூட்டுவான் இறைவன் என்பதே ஈண்டு நாட்டப்படும் பொருள். மூச்சும் மலமும் அக்கால வழக்கினின்றும் கொண்ட கருவிகள். இனித் திருமந்திரத்துக்கு உரை வரைவோர் இவ்வைப்புமுறையை முன்னர்க் காட்டி, அப்பாடல்களின்கீழ் இவ்வேறுபாட்டையும் குறித்தல் கடன்.