72-ஆம் இடத்திலிருந்து 141-ஆம் இடத்துக்கு

"எந்த நாட்டுக்குக் குடிபோனா நிம்மதியா இருக்கலாம்?" இந்தக் கேள்வியைத் தமிழில் தட்டினாலும் இங்கிலீஷில் தட்டினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே பட்டியல்தான். முதலிடம் ஐஸ்லாந்து. அப்புறம் அயர்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரியா, டென்மார்க், போர்ச்சுகல், சிங்கப்பூர் என்று வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் ஏறி இறங்குகிற அதே பெயர்கள். வீடியோ போடுபவர்கள் ஏரியையும் பனியையும் காட்டிவிட்டு ஆதாரமாகக் கைகாட்டுவது பெரும்பாலும் குளோபல் பீஸ் இன்டெக்ஸ் என்கிற உலக அமைதிக் குறியீட்டை. அந்தக் குறியீட்டைக் குடிபெயர்வதற்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது சரியா என்பதுதான் இந்தக் குறிப்பு. தருமபுரி மாவட்டத்திலிருந்து பார்த்து எழுதுகிறேன். ஏன் இங்கிருந்து என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் அது என்னன்னு பார்த்துடலாம். சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட, ஸ்டீவ் கில்லேலியா என்ற தொழிலதிபர் தொடங்கிய ஓர் ஆய்வு நிறுவனம் 2007 முதல் ஆண்டுதோறும் இதை வெளியிடுகிறது. 163 நாடுகள், 23 அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். குறைவாக வாங்கினால் நல்லது. கொலை எத்தனை, சிறையில் எத்தனை பேர், துப்பாக்கி எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும், பயங்கரவாதம், உள்நாட்டுப் போர், ராணுவச் செலவு, ஆயுத இறக்குமதி, அணு ஆயுதம், பக்கத்து நாட்டோடு உறவு, இப்படிப் போகிறது. உள்நாட்டு அமைதிக்கு 60 சதவீதம், வெளிநாட்டு விவகாரங்களுக்கு 40 சதவீதம். வன்முறையும் வன்முறை பற்றிய பயமும் இல்லாமல் இருப்பதைத்தான் அளக்கிறோம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே நாடு பத்து வருஷத்தில் எப்படி மாறியது என்று பார்க்க, உருப்படியான கருவி. சிக்கல் அதை எடுத்து வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்களிடம்.

ஒரு நாடு எவ்வளவு ஆயுதம் வாங்குகிறது என்பது அங்கே குடிபோகிற ஒரு குடும்பத்தின் ராத்திரித் தூக்கத்தைச் சாதாரண நாளில் தொடாது. ஆனால் தரவரிசையைத் தொடும். ஐஸ்லாந்து 2008 முதல் முதலிடத்திலேயே இருப்பதற்கு அங்கே ராணுவமே இல்லை என்பதும் ஒரு காரணம். அந்த நாட்டின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. தருமபுரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 15 லட்சம் பேர். ஒரு மாவட்டத்தின் கால் பங்கு ஆட்களைக் கொண்ட தீவையும் 140 கோடி பேர் இருக்கும் இந்தியாவையும் ஆளுக்கு ஒரு வரி என்று அடுக்கினால் எண் வரும், அது நம்ம தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது.

இப்போ 2019 அறிக்கையை எடுத்துக்கொள்வோம். தெற்காசியாவில் பூடான் 15, இலங்கை 72, இந்தியா 141. பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தால் இந்தியாவில் இருக்கும் ஒருவர் இலங்கைக்குப் போக வேண்டும். அங்கிருந்து வந்தவராக இருந்தால் உடனே மூட்டை கட்ட வேண்டும்.

அங்கிருந்து வந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தும்பலஅள்ளி, நாகாவதி, வாணியாறு என்று அணைகளை ஒட்டி முகாம்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேர். வெளிப்பதிவில் இன்னும் முப்பதாயிரத்துக்கு மேல். 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கிய வருகை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டித் தந்துவருகிறது. அது நல்ல விஷயம். ஆனாலும் க்யூ பிராஞ்ச் போலீஸின் கண்காணிப்பு உண்டு. பெயர் கூப்பிட்டு ஆள் இருக்கிறாரா என்று சரிபார்க்கும் நாள் உண்டு. பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனவரும் அன்றைக்கு வந்து நிற்க வேண்டும். போர் முடிந்தது 2009 மே மாதம். அதற்கப்புறம் கொஞ்சம் பேர் திரும்பிப் போனார்கள். பெரும்பாலானவர்கள் போகவில்லை. அதாவது 72-ஆம் இடத்தை விட்டுவிட்டு 141-ஆம் இடத்தில் இருக்கிறார்கள்.

இவங்களுக்கு விவரம் பத்தலையா? அப்படி நினைப்பவர்கள் 1948-க்குப் போக வேண்டும். முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் கொண்டுபோன தமிழர்களின் பேரப்பிள்ளைகள். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பகுதியினரை நாடற்றவர்களாக்கியது. துப்பாக்கிச் சத்தம் இல்லை, ஊரடங்கு இல்லை. நாடாளுமன்றத்தில் கை தூக்கினார்கள், முடிந்தது. அன்றைக்கு இப்படி ஒரு குறியீடு இருந்திருந்தால் இலங்கை நல்ல இடத்தில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சட்டப் புத்தகத்தில் ஏறிய ஒரு பிரிவுக்கு அதில் மதிப்பெண் குறைக்க இடமில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் உடன்படிக்கை போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். நாட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். இங்கே இரண்டு நாடுகள் உட்கார்ந்து மனிதர்களைப் பங்கு போட்டன.

அந்தப் பங்கில் இலங்கைப் பக்கம் விழுந்தவர்களும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களும் கலவரங்களுக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போய், போர் வந்ததும் அங்கிருந்தும் கிளம்பிப் படகேறினார்கள். திரும்பிப் போவதானால் எந்த வீட்டுக்கு, எந்த நிலத்துக்கு? வடக்குக் கிழக்குக்காரர்களிலும் காணி கைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். தவிர பிள்ளைகள் இங்கே பிறந்து தருமபுரித் தமிழ் பேசுகிறவர்கள். 72 என்ற எண்ணில் இது எதுவும் கிடையாது. அந்த எண்ணே நேற்றைய எண்தான் என்பது வேறு விஷயம்: 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் ஜூனில் வந்த அறிக்கையின் தரவரிசையில் அது ஏறவில்லை.

15-ஆம் இடத்துப் பூடானை விட்டுவிடக் கூடாது. தெற்காசியாவிலேயே அமைதியான நாடு. சந்தோஷத்தை அளக்கும் நாடு என்றும் பெயர். 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து நேபாளி மொழி பேசும் லோட்ஷாம்பா மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் துரத்தப்பட்டு நேபாளத்தில் முகாம்களில் கிடந்தார்கள். 2007-இல் தொடங்கி அவர்களில் பெரும்பாலானோரை அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன.

இங்கேதான் குறியீட்டின் கட்டமைப்பிலேயே எனக்கு ஒரு சண்டை. அகதிகள் எண்ணிக்கை அதில் ஓர் அளவுகோல். ஆனால் கணக்கு எழுதப்படுவது அகதிகள் எந்த நாட்டிலிருந்து போனார்களோ அந்த நாட்டின் பேரில். துரத்திய நாட்டுக்கு மதிப்பெண் கெடுவது நியாயம்தான். அடுத்து நடப்பதைப் பாருங்கள். துரத்தப்பட்டவர்களை வேறொரு நாடு எடுத்துக் குடியுரிமை கொடுத்துவிட்டால் அவர்கள் அகதிகள் இல்லை. கணக்கு இறங்கும். துரத்திய நாட்டின் மதிப்பெண் தானாகச் சரியாகிவிடும், அது ஒருவரைக்கூடத் திரும்பக் கூப்பிடாமலே. தஞ்சம் கொடுத்த நாட்டுக்கு இந்த வரியில் ஒரு பைசா வரவு கிடையாது. ஒருவர் ஆபத்தில் கதவைத் தட்டினால் திறக்குமா என்ற ஒரே கேள்வி, குடிபெயர நினைப்பவருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, 23-இல் ஒன்றாகக்கூட இல்லை.

கதவு ஒரே மாதிரி திறப்பதும் இல்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அவர்களுக்குத் தங்கி வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் மேற்குக் கரைக்குப் போனபோது அதே கனடா அவர்களைக் காவலில் வைத்தது. அப்புறம் ஆஸ்திரேலியா. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு ஒரு படகு கிளம்பியது. ஆஸ்திரேலியா அதைக் கடலிலேயே மறித்து, ஒரு கப்பலில் சுமார் ஒரு மாதம் அடைத்துவைத்து, கடைசியில் நவ்ரு தீவுக்கு அனுப்பியது. அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் 4-க்கு 3 என்ற கணக்கில் அரசு செய்தது செல்லும் என்றது. குறியீடு தயாராகும் நாடும் அதுதான். பட்டியலின் மேல்பகுதியில் இருக்கும் நாடுதான். அந்த 157 பேருக்கு அந்த அமைதியால் என்ன?

சரி, குடியுரிமைக் காகிதம் இருந்தால் போதுமா என்று கேட்டால், அதற்கும் இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கு. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர், இந்நாட்டுக் குடிமக்கள், வேறெங்கிருந்தும் வந்தவர்கள் அல்ல. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரையே சூறையாடினார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தொரு வருஷம். இதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7-இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிந்தன, ஒரு கலப்புக் கல்யாணத்தைக் காரணம் காட்டி. அன்றைக்கு இரவு தருமபுரி டவுனில் இருந்தவருக்கும் நத்தம் காலனியில் இருந்தவருக்கும் நாடு ஒன்று, மாவட்டம் ஒன்று, குறியீட்டு எண்ணும் ஒன்று.

அதனால் 'இந்தியா 141' என்பதும் தப்பு, 'இல்லை இல்லை, இந்தியா பாதுகாப்பானது' என்று பதிலுக்குக் கொடி பிடிப்பதும் தப்பு. எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால் யாருக்கு, எந்தத் தெருவில், கையில் என்ன காகிதத்தோடு என்று கேட்க வேண்டியிருக்கு. வீடியோக்களைப் பார்த்து ஐஸ்லாந்து போக ஆசைப்படுகிறவர் கையில் ஒரு பாஸ்போர்ட்டாவது இருக்கிறது. முகாமில் பிறந்தவருக்கு அதுவே போராட்டம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. அக்கா குடிமகள், தம்பி அகதி என்று ஒரே வீட்டுக்குள் வரலாம். 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி விட்டது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தும் போடவில்லை.

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தது. ஒரு வழக்கில் தண்டனை முடித்தவர், திருப்பி அனுப்ப வேண்டாம், இலங்கையில் உயிருக்கு ஆபத்து என்று கேட்டார். எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இது தர்மசாலை அல்ல என்ற பொருளில் அமர்வு சொன்னது. உயிருக்கு ஆபத்து என்றால் வேறு ஏதாவது நாட்டுக்குப் போகட்டும் என்றும் சொன்னது. எந்த நாட்டுக்கு, என்ன பாஸ்போர்ட்டில் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

இதற்கிடையில் 2022 மார்ச்சிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் மறுபடி படகுகள் வரத் தொடங்கின. இந்த முறை போர் இல்லை. அரிசி, பால்மாவு, மண்ணெண்ணெய் விலை. அந்த ஆண்டுக் குறியீட்டில் இலங்கை 90, இந்தியா 135. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். குடியுரிமை இல்லை, ஆனாலும் குற்றவாளி இல்லை. முகாம்களில் பெரும்பாலானோருக்கு அது ஒரு மூச்சு. 2022-இல் கைக்குழந்தையோடு மணல்திட்டில் இறங்கியவர்கள் அந்தத் தேதிக்கு ஏழு வருஷம் பிந்தி வந்தவர்கள்.