செவிலி உண்டாளா?

தமிழிலக்கியத்தில் பெற்ற தாய்க்கு அடுத்த இடம் வளர்த்த தாயாகிய செவிலிக்கு உரியது. தலைவியின் உயிர்த்தோழியைச் செவிலியின் மகள் என்றே தொல்காப்பியம் கூறும். உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிக் கொடிய சுரத்தில் நடப்பவளும், மணமான மகளின் இல்லறத்தைக் கண்டு வந்து நற்றாய்க்கு எடுத்துரைப்பவளும் அவளே. இத்தகைய பெருமை பெற்ற அவளைக் குறித்து நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அவள் உண்டாளா?

நற்றிணையின் 110ஆம் பாட்டு போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, சிறு கோலை ஓங்கிச் சிறுமியை உண்ணச் செய்ய முயல்கின்றனர் நரைத்த கூந்தலையுடைய செவிலியர். அவளோ காற்சிலம்பு ஒலிக்கப் பந்தருக்கு ஓடிவிடுகிறாள். பின்தொடர இயலாது அவர்கள் தளர்கின்றனர். அதே மகள் மணமான பின், கணவன் வீடு வறுமையுற்றபோதும் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். மகள் மறுத்த உணவும் அவள் பொறுத்த பசியும் இப்பாட்டில் அழியா இடம் பெற்றன. ஓடித் தளர்ந்த மூதாட்டியரின் பசியைப் பற்றிச் சொல்லில்லை. இதற்காகப் புலவரைக் குறை கூறுவது என் கருத்தன்று. அவர் பாட வந்த பொருள் வேறு. அப்பாட்டைக் காலங்காலமாகப் பயின்று பாராட்டும் நாமும் அதைக் கேட்கவில்லை என்பதே என் குறை.

அக்கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதன்று. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் தோன்றியது. அதனையொட்டிப் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய புதுநகரே பாயான் பாரு. தோட்டப்புறத்தில் தாய் பால்மரம் சீவச் சென்றபோது பிள்ளையை ஆயாக் கொட்டகை ஏற்றது. தாய் மின்னணுத் தொழிற்சாலைக்குச் சென்றபோது அக்கொட்டகையின் வேலையை அண்டை வீட்டுப் பாட்டியோ, வீடு தேடி வரும் ஆயாவோ ஏற்க வேண்டியதாயிற்று.

பாயான் பாருவில் எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடி வீட்டிற்கு அவ்வாறு ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். குழந்தைக்கு மீனும் காய்கறியும் சேர்த்து மசித்த கஞ்சி வேளை தவறாமல் ஆயத்தமாகும். அவருக்கு? காலையில் தம் வீட்டிலிருந்து கொண்டு வந்த சோற்றைக் குழந்தை உறங்கிய பிறகு, பிற்பகல் மூன்று மணியளவில், சமையலறையில் நின்றபடியே உண்பார். குழந்தை உறங்காத நாளில் அதுவும் இல்லை. வீட்டுக்காரரிடம் ஒருநாள் இதைக் குறிப்பிட்டேன். “அவர் ஒன்றும் கேட்கவில்லையே” என்றார். அவர் கொடியவர் அல்லர், நல்லவரே. ஆயினும், கேட்கக் கூசும் நிலையில் இருப்பவர் கேட்காதிருப்பதைத் தேவையின்மை என்று கொள்வது நேர்மையாகாது.

‘சம்பளம் கொடுக்கிறோம், உணவும் கொடுக்க வேண்டுமா? அலுவலகத்தில் எழுத்தருக்குச் சோறு போடுகிறார்களா?’ என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதுபோல் தோன்றும். எழுத்தர் உணவு வேளையில் எழுந்து கடைக்குச் செல்லலாம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கினால் அரை மணி நேர ஓய்வேனும் அளிக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் கூறுகிறது. அப்பிரிவு தொழிற்சாலையில் நிற்கும் தாயைக் காக்கும். அவள் குழந்தையை வீட்டில் காக்கும் ஆயாவைக் காக்காது. வீட்டுப் பணி புரிவோர் அப்பிரிவிலிருந்து விலக்கப்பட்டவர்கள். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அவர்களை ‘வேலைக்காரர்’ என்னாமல் ‘ஊழியர்’ என்றது. பெயர் உயர்ந்தது, உணவு வேளை வரவில்லை. குழந்தையை விட்டு ஓர் அடி நகர முடியாதவர் எந்தக் கடைக்குச் செல்வார்? அந்தக் கட்டுப்பாட்டை விதித்தவர் நாம். ஆதலின் அவருக்கு உணவளிப்பது நம் தயவு அன்று; நாம் கொடுத்த வேலையின் ஒரு பகுதி.

தயவு என்று கொண்டால் வரும் கேடுகள் பல. நேற்றைய மிச்சம் இன்றைய கொடை ஆகிவிடும். தனித் தட்டும் தனிக் குவளையும், ஊரில் விட்டுவந்ததாக நாம் சொல்லிக்கொள்ளும் பழைய இழிவை மீண்டும் அடுக்களைக்குள் கொண்டு வரும். சோற்றைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதும் எளிதாகும். இதன் கொடிய எல்லையைச் சிங்கப்பூரில் கண்டோம். இரு சிறு குழந்தைகளைப் பார்க்க மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பெண், ஓர் இந்தியக் குடும்பத்தில் பதினான்கு மாதங்கள் பணிபுரிந்து, அடியும் பட்டினியும் பட்டு, 2016 ஜூலையில் இறந்தார். வந்தபோது 39 கிலோவாக இருந்த அவர் எடை இறந்தபோது 24 கிலோ. நீரில் நனைத்த ரொட்டியே அவர் பெற்ற உணவுகளுள் ஒன்று. வீட்டுத்தலைவிக்கு 2021இல் முப்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நம் இல்லங்கள் அத்தகையன அல்ல என்பது மெய். ஆனால் பணியாளின் உணவு முழுவதும் வீட்டாரின் மனத்தைப் பொறுத்தது என்ற நிலை இரண்டிற்கும் பொதுவானது.

ஆகவே இது மனத்தைப் பொறுத்ததாக இராமல் பேச்சில் இடம்பெற வேண்டும். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2011இல் ஏற்ற 189ஆம் ஒப்பந்தம், உணவு அளிக்கப்படுமாயின் அதனை வேலை விதிகளில் தெளிவாகக் குறிக்கச் சொல்கிறது. சம்பளத்திற்கு ஈடாகப் பொருள் கொடுப்பதற்கும் வரம்பு கட்டுகிறது. மலேசியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே, பகலில் வந்து செல்பவருக்கு மதிய உணவும் தேநீரும், உடன் தங்குபவருக்கு மூன்று வேளையும் உண்டு என்று சொல்லிவிடலாம். அவர் இஸ்லாமியராயின் ஆகுமான உணவும், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் பொழுதும், சைவராயின் சைவமும் கருதப்பட வேண்டும். தம் உணவையே விரும்புவாராயின் உணவுப்படியாகப் பணம் கொடுக்கலாம். எதுவாயினும் அமர்ந்து உண்ண அரை மணி நேரம் வேண்டும். அந்நேரம் குழந்தையை ஏற்க ஒருவரோ ஒரு வழியோ வேண்டும்.

விருந்தோம்பலைப் பாடிப் பெருமை கொண்ட மொழி நம்முடையது. விருந்தினர் ஒருநாள் வந்து செல்பவர். நம் பிள்ளையைத் தோளில் சுமப்பவர் நாள்தோறும் வருகிறார். காலையில் உலை வைக்கும்போது அவருக்கும் சேர்த்து அரிசி களைந்து போடுவோம்.